செட்டுக்குப் போகும் முன்: ஃபிலிம் காலத்துச் சொற்களில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உதவி இயக்குநராகவோ கேமரா உதவியாளராகவோ முதன்முதலாகச் செட்டுக்குப் போகிறீர்களா? கதை விவாதத்தில் நீங்கள் புலியாக இருக்கலாம். முதல் நாள் உங்களைக் காப்பாற்றப்போவது, காதில் விழும் சொல்லைச் சரியாகப் பிடிப்பதுதான். இன்று பெரும்பாலும் டிஜிட்டல் கேமராதான் ஓடுகிறது. பேச்சு மட்டும் இன்னும் ஃபிலிம் காலத்துப் பேச்சு. ரோல், கேட், ரஷஸ், பிரிண்ட், ஃபுட்டேஜ் எல்லாம் நெகட்டிவ் ஓடிய காலத்தில் பிறந்தவை. செட்டில் இவை வெறும் பெயர்கள் அல்ல, உத்தரவுகள். தப்பாகக் காதில் வாங்கினால் காசு போகும். சில நேரம் அன்றைய வேலையே போகும். அபூர்வமாக ஃபிலிமிலேயே எடுக்கும் குழுவில் சேர்ந்திருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. அங்கே அழித்துவிட்டு மறுபடி எடுக்கும் வசதி கிடையாது. நாளைக் காலை கால்ஷீட் என்றால் இன்று இரவே இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

அடிக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 35 எம்.எம்.மில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி மேகஸின் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 1000 அடி, 11 நிமிடம். 16 எம்.எம்.மில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம் என்பதால் அதே 400 அடி 11 நிமிடம் வரும். “எவ்வளவு மிச்சம்?” என்று கேமராமேன் கேட்டால் “கொஞ்சம் இருக்கு சார்” என்பது பதில் ஆகாது. “80 அடி இருக்கு சார்” என்பதே பதில். மூன்று நிமிட வசனக் காட்சிக்கு 270 அடி வேண்டும். மிச்சம் 200 அடிதான் என்றால் டேக்குக்கு முன்பே மேகஸினை மாற்றச் சொல்லுங்கள். நடிகை அழுதுகொண்டே கடைசி வரிக்கு வரும்போது ரோல் தீர்ந்தால், அந்தக் கண்ணீரைத் திரும்ப வரவழைக்கும் பொறுப்பு உங்களுடையது.

கட்டளைகளின் வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: முதலில் சவுண்ட், அப்புறம் கேமரா, அப்புறம் கிளாப், கடைசியில் ஆக்‌ஷன். ஒலிநாடா மலிவு, நெகட்டிவ் விலை அதிகம். அதனால்தான் கேமரா பின்னால் கிளம்புகிறது.

கிளாப் போர்டை ஃபிரேமுக்குள் வைத்த பிறகே வாயைத் திறங்கள். லென்ஸ் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைட் க்ளோஸ் என்றால் போர்டு நடிகரின் முகத்தருகே வர வேண்டும், லாங் ஷாட் என்றால் நீங்கள் கேமராவுக்கு அருகில் நிற்க வேண்டும். சீன், ஷாட், டேக் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள், ஒரே அடியாக அடியுங்கள், அடித்த பின் ஒரு நொடி அசையாமல் பிடியுங்கள், பிறகு விலகுங்கள். கட்டைகள் சேரும் அந்த ஒரு ஃபிரேமையும் “டக்” என்ற சத்தத்தையும் வைத்துத்தான் எடிட்டர் ஒலியையும் படத்தையும் பொருத்துவார். இரண்டு முறை அடித்தால் எந்த “டக்” என்று அவர் விழிப்பார். சவுண்ட் இல்லாத மியூட் ஷாட்டா? கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டுங்கள்; அடிக்காதீர்கள். ஷாட் முடிவில் போடும் எண்ட் போர்டா? தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

என்.ஜி. (நோ குட், சரியில்லாத டேக்) என்று எழுதினால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். “என்.ஜி., ஃபோகஸ்”, “என்.ஜி., வசனம்”, “என்.ஜி., பின்னால் ஆட்டோ”. ஓ.கே. டேக்கில் ஒரு வரி கெட்டிருந்தால், வசனத்தால் என்.ஜி. ஆன வேறொரு டேக்கிலிருந்து இரண்டு விநாடியைத் திருடி எடிட்டர் காட்சியைக் காப்பாற்றுவார். வெறும் என்.ஜி. அவருக்கு எதையும் சொல்லாது.

ஓ.கே. ஆனதும் “கேட் செக்” முடியும் வரை அடுத்த ஷாட்டுக்குக் கிளம்பாமல் நில்லுங்கள். கேட் என்பது ஃபிலிமின் மீது வெளிச்சம் விழும் சிறு சட்டம். ஓடும் ஃபிலிம் உரசி உதிரும் நூல் போன்ற துணுக்கு அதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கேமரா உதவியாளர் டார்ச் அடித்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது அதற்குத்தான். கேட்டின் அகலம் 2 சென்டிமீட்டரை ஒட்டியது. அதில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணுக்கு இருந்தால் 40 அடி அகலத் திரையில் 5 சென்டிமீட்டர் தடிமனில் நெளியும். நாயகன் முத்தமிடும்போது மூலையில் புழு ஆடினால் தியேட்டரே சிரிக்கும்.

கேனின் மேல் எழுதாமல் கையை விட்டு இறக்காதீர்கள். எழுதிய பிறகே இறக்குங்கள். ஸ்டாக் எண், எத்தனை அடி, புதுசா, எக்ஸ்போஸ் ஆனதா, மிச்சத் துண்டான ஷார்ட் எண்டா, லேபில் கூடுதல் நேரம் கழுவும் புஷ் உண்டா, எல்லாம் மேலேயே இருக்கட்டும். ஒரு படத்தில் எக்ஸ்போஸ் ஆன கேன் எழுத்தில்லாமல் புது ஸ்டாக் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது; மதியம் அதையே மறுபடி மேகஸினில் ஏற்றிவிட்டார்கள். லேபிலிருந்து வந்த ரஷஸில் கல்யாண வீட்டின் மேல் சுடுகாடு ஓடியது. இரண்டு காட்சியும் போயின. டேப்பும் மார்க்கர் பேனாவும் இல்லாமல் கேமரா வண்டிப் பக்கம் போகவே போகாதீர்கள்.

அப்பர்ச்சர் விஷயத்தில் “ஓபன்” அல்லது “குளோஸ்” என்று மட்டும் சொல்லுங்கள். “ஒரு ஸ்டாப் குறைங்க” என்றால் எண்ணைக் குறைப்பதா, வெளிச்சத்தைக் குறைப்பதா? 5.6-லிருந்து 4-க்குப் போனால் எண் குறைகிறது, உள்ளே வரும் வெளிச்சமோ இரட்டிப்பாகிறது. “ஒரு ஸ்டாப் ஓபன்” என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

இடது, வலது என்றால் யாருடையது என்று சேர்த்துச் சொல்லுங்கள். கேமரா லெஃப்ட் வேறு, ஆர்ட்டிஸ்ட் லெஃப்ட் வேறு, எதிரெதிர்.

ஸ்கோப்பா ஃபிளாட்டா என்று முதல் நாளே கேளுங்கள். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘ராஜராஜ சோழன்’ வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி நம் ஊரில் உண்டு. 2.35 அகலச் சட்டத்துக்கு நிரப்ப வேண்டிய கூட்டமும், தள்ளி நிற்க வேண்டிய மைக் பையனும் வேறு.

லைட் பெயர்களை லைட்மேன்களிடமே கேட்டுப் பழகுங்கள். “பேபி” என்பது 1000 வாட் விளக்கு. குழந்தை நட்சத்திரத்தைத் தேடி ஓட வேண்டாம். தெர்மகோல் வெளிச்சத்தைத் திருப்பும், ஸ்கிம்மர் வடிகட்டும், கட்டர் தடுக்கும். டீ பிரேக்கில் பத்து நிமிடம் அவர்களோடு உட்கார்ந்தால் எந்தப் புத்தகமும் தராதது கிடைக்கும். “அண்ணே” என்று கூப்பிட்டால் சொல்லிக்கொடுக்காத லைட்மேனை நான் பார்த்ததில்லை.

செய்யக்கூடாதவை

“கட்” என்ற சொல்லை நீங்கள் சொல்லாதீர்கள். அது இயக்குநருடையது. நடிகர் வசனத்தை மறந்து நின்றாலும் சரி, அந்தத் தடுமாற்றமே அவருக்குப் பிடித்துப்போகலாம். யாருக்காவது அடிபடும் ஆபத்து தெரிந்தால் மட்டும் கத்துங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

“ஸ்பீடு” என்று கேட்டதும் தலையாட்டாதீர்கள். சவுண்ட் ஆள் சொன்னால் நாடா சரியான வேகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். கேமராமேன் ஸ்டாக்கைப் பற்றிப் பேசும்போது சொன்னால் ஃபிலிமின் ஒளி உணர்திறன். கேமராவைப் பற்றிச் சொன்னால் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. ஒரே சொல், மூன்று துறை. யார் சொன்னார் என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

“ஹை ஸ்பீடு” என்றால் திரையில் வேகமாக ஓடும் என்று நினைக்காதீர்கள். நேர் எதிர். கேமரா வேகமாக ஓடினால்தான் திரையில் ஸ்லோ மோஷன். நெகட்டிவும் அதே வேகத்தில் கரையும்: ஆர்ரி 435 கேமராவை 150 ஃபிரேமில் ஓட்டினால் 400 அடி 43 விநாடியில் காலி. சண்டைக் காட்சி நாளில் கூடுதல் மேகஸின் லோடு செய்து வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

500டி ஸ்டாக்கை வெயிலில் ஃபில்டர் பற்றிக் கேட்காமல் ஓடவிடாதீர்கள். டி (T) என்றால் டங்ஸ்டன், 3200 கெல்வின் வெளிச்சத்துக்குச் சமன் செய்தது. 85 ஃபில்டர் இல்லாமல் வெயிலில் எடுத்தால் முகமெல்லாம் நீலம் பாரிக்கும். ஃபில்டர் போட்டால் 500 என்பது 320 ஆகிவிடும். மீட்டர் வைத்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஃபில்டரே போடாமல் லேபில் சரிசெய்துகொள்ளும் கேமராமேன்களும் உண்டு. அது அவர் முடிவாக இருக்கட்டும், உங்கள் மறதியாக இருக்க வேண்டாம்.

சேஞ்சிங் பேகுக்குள் கை விட்டிருப்பவரைத் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். முழங்கை வரை கறுப்புத் துணிக்குள் இருக்கும். கண் எங்கோ மேலே பார்த்தபடி, விரல்கள் மட்டும் இருட்டில் ஃபிலிமின் துளையைத் தடவிப் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் “அண்ணே, டைரக்டர் கூப்பிடறார்” என்று சட்டையை இழுத்தால் 400 அடி வெளிச்சம் பட்டுப் போகும்.

“பைலட்தானே” என்று டேக் ஓடும்போது குசுகுசுக்காதீர்கள். டப்பிங்குக்கு வழிகாட்ட எடுக்கும் ஒலிதான் பைலட் டிராக். ஏற்கெனவே கேமரா தையல் மெஷின்போல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் உங்கள் பேச்சும் ஏறினால், நாலு மாதம் கழித்து டப்பிங் அறையில் நடிகருக்குத் தான் என்ன சொன்னோம் என்றே விளங்காது. பேப்பரில் இல்லாத வார்த்தையை அவர் சொந்தமாகச் சேர்த்திருந்தால் உடனே குறித்துவையுங்கள்.

ட்ராலியையும் ஸூமையும் மாற்றிச் சொல்லாதீர்கள். ட்ராலியில் கேமராவே நகர்கிறது, பின்னணியும் கூடவே மாறுகிறது. ஸூமில் லென்ஸ் மட்டும்தான் வேலை செய்கிறது. ட்ராக் போட அரை மணி நேரம் ஆகும். போட்டு முடித்த பிறகு “ஸூம்தான் கேட்டேன்” என்று இயக்குநர் சொன்னால் எல்லாப் பார்வையும் உங்கள் மேல்தான்.

லுக் சரியா என்று பார்க்காமல் எதிர் க்ளோஸுக்குப் போகாதீர்கள். இருவர் பேசுகிறார்கள்; ஒருவர் கேமரா ரைட் பார்த்தால் மற்றவர் கேமரா லெஃப்ட் பார்க்க வேண்டும். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துச் சுவரோடு பேசுவார்கள். தோளைச் சேர்த்து எடுக்கும் சஜஷன் ஷாட்டில் எந்தத் தோள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரஷஸ் வரும் முன் செட்டைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். கோடு விழுந்ததும் ஃபாக் ஆனதும் லேபில் கழுவிய பிறகுதான் தெரியும். டிஜிட்டலில் எடுக்கிறவர்களுக்கும் இதே கதை: டேட்டா இரண்டு டிஸ்க்கில் ஏறியது என்று வாயால் கேட்டு உறுதி செய்யாமல் கார்டை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.

“பேக்-அப்” (இன்றைய படப்பிடிப்பு முடிந்தது) என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அடுத்த நிமிடம் கேபிள் சுருளத் தொடங்கிவிடும். இன்னொரு க்ளோஸ் பாக்கி என்று வண்டி வரை ஓடிச் சொல்லப்போவது நீங்கள்தான்.

வெளிநாட்டுக்காரரிடம் “ஆர்.ஆர். போயிட்டிருக்கு” என்று சொல்லாதீர்கள். ரீ-ரெக்கார்டிங் என்றால் நமக்குப் பின்னணி இசை. அவர்களுக்கு வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் கலக்கும் கடைசி மிக்ஸிங். படம் முடிந்துவிட்டது என்று நினைத்து விழாவுக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

“ஃபர்ஸ்ட் காப்பி” என்ற சொல் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லேபில் அது, ஒலியும் படமும் சேர்ந்து கலர் சரிபார்த்து வரும் முதல் பிரதி. ஒப்பந்தத்தில் அது, பேசிய ஒரே தொகைக்கு முழுப் படத்தையும் முடித்துக் கொடுப்பேன் என்ற வாக்குறுதி. மழையால் ஷெட்யூல் நீண்டாலும் நடிகரின் தேதி தள்ளினாலும் கூடுதல் செலவு கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். சின்ன வெப் படம், குறும்படம் என்றாலும் இதே விதி. எதெல்லாம் அந்தத் தொகைக்குள் வருகிறது, ஆர்.ஆர். உண்டா, டப்பிங் உண்டா, சென்சார் செலவு யாருடையது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பேனாவை எடுங்கள்.