செயின் சா எடுக்கும் தம்பிக்குப் பத்துச் சொல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாந்தோப்பு மனையாகும்போது முதலில் சாய்வது கிழட்டு மாமரம்தான். விறகுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அடிமரத்துக்கு, அகலப் பலகை மேஜை வந்தபிறகு மவுசு கூடியிருக்கிறது. அதைப் பார்த்துச் செயின் சா வாங்கியிருக்கும் தம்பி, இதையும் கேட்டுக்கொள்.

1. மரம் யாருடையது என்று முதலில் கேள். சாலையோரப் புளி, கண்மாய்க்கரைக் கருவேலம் எல்லாம் அரசாங்கச் சொத்து; ஏலச் சீட்டு இல்லாமல் கை வைக்காதே. சந்தனம், தேக்கு, ஈட்டி என்றால் பட்டா நிலமாகவே இருந்தாலும் வனத்துறையிடம் விசாரித்துவிட்டு வா. பனையை வெட்ட 2021 முதல் ஆட்சியர் அனுமதி வேண்டும். மலையடிவாரத் தோப்பில் அண்ணாந்தும் பார். நம் பக்கத்துச் சாம்பல் நிற அணிலுக்காகத்தான் 1988-ல் சரணாலயமே அறிவித்தார்கள். அது உச்சிக்கிளையில் கூடு கட்டும்.

2. மில்லுக்குப் போகக்கூடிய மரத்தை மில்லுக்கே அனுப்பு. செயின் சா ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பேண்ட் சாவுக்கு 2, 3 மில்லிமீட்டர் போதும். செயின் சாவால் ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் மரத்தில் கால் பங்கு தூளாகப் போய்விடும். அதையே மூன்று அங்குலமாக அறுத்தால் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். ஆகவே கனமான, அகலமான பலகைக்கும், டிராக்டர் நுழையாத தோப்பில் கிடக்கும் பெரிய அடிமரத்துக்கும் மட்டும் இதை எடு.

3. அளக்கத் தெரியாமல் விலை பேசாதே. சுற்றளவை நாலால் வகு. வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கு. ஆறடிச் சுற்று, பத்தடி நீளம் என்றால் 22½ கன அடி. உண்மையில் அந்தக் கட்டையில் 28 கன அடிக்கு மேல் இருக்கும். கழிவுக்கென்று கணக்கிலேயே விட்ட பங்கு அது. உன் தூள் அதற்குள் அடங்கினால்தான் உனக்குக் கூலி மிஞ்சும்.

4. மரத்துக்கு மரம் குணம் வேறு. மா சீக்கிரம் நீலம் பூக்கும், வண்டும் ஏறும். தேய்பிறையில் வெட்டினாலும் சரி, பட்டையை உரித்து உடனே அறுத்துவிடு. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். செக்குக்குப் பேர்போன வாகையில் வைரம் நன்றாக இருக்கும்; தூள் மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல்தான். புளி செயினை மழுக்கும். தென்னை எல்லாவற்றுக்கும் தலைகீழ்: பட்டையை ஒட்டித்தான் வலு, நடுவில் சோறு.

5. ஆணி இருக்கிறதா என்று தேடு. வீட்டு முற்றத்து மரத்தில் கொடிக்கயிற்று ஆணி, சாலையோர மரத்தில் விளம்பரப் பலகை ஆணி, வேம்பில் வேண்டுதல் ஆணி. சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிக்கொள். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

6. கிளை வெட்டும் சின்ன மிஷின் இந்த வேலைக்கு ஆகாது. 70 சிசிக்குக் குறையாமல் எடு. மரத்தின் அகலத்தைவிட, செயின் ஓடும் பார் நீளமாக இருக்க வேண்டும். அதை மாட்டும் இரும்புச் சட்டமும் சில அங்குலத்தை விழுங்கும். குறுக்கே அறுக்கும் செயினின் பல் 30 டிகிரி. நீளவாக்கில் அறுக்க 10 டிகிரிக்குத் தீட்டிய செயின் கேள். கையால் அமுக்காமல் அது தானாக நகர வேண்டும். அமுக்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு அரம் போடு. நீண்ட அறுப்பு முடிந்ததும் சட்டென்று அணைக்காதே, ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிடு.

7. முதல் அறுப்புதான் எல்லாப் பலகைக்கும் தாய். கட்டையின் மேல் நேரான அலுமினிய ஏணியைக் கிடத்தி, இரு முனையிலும் குறுக்கே ரசமட்டம் பார்த்து, அசையாமல் இறுக்கு. சட்டம் அதன் மேல்தான் வழுக்கிப் போகும். அடுத்த அறுப்புக்கு அறுத்த முகமே வழிகாட்டி. முதலில் கோணினால் கடைசிப் பலகை வரை கோணல்தான். கட்டையின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைத்தால் மிஷின் இறக்கத்தில் போகும், இடுப்பு பிழைக்கும். அறுத்த வாயில் அடிக்கொரு ஆப்பு செருகிக்கொண்டே போ. பலகை அமர்ந்து பாரைக் கவ்வாது.

8. மரத்தின் நடுப்புள்ளி எந்த நல்ல பலகையிலும் வராமல் பார். வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அதை ஒரே சட்டமாகத் தனியே எடுத்துவிட்டால் மற்றவை தப்பிக்கும்.

9. வேட்டி, கைலி, தோளில் துண்டு எதுவும் கூடாது. கண்ணாடி, காது மூடி, முகக்கவசம், பூட்ஸ் கட்டாயம். குனிந்தே அறுப்பதால் புகை முகத்துக்கு வரும். ஆடியில் காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கும், அது புகையை உன்னைவிட்டுத் தள்ளிக்கொண்டு போகும்படி நில். தனியாளாக ஒருநாளும் தொடங்காதே.

10. பாதி வேலை அறுத்த பிறகுதான். இரு முனைக்கும் அன்றைக்கே பெயின்ட் அல்லது மெழுகு பூசு. நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து அடுக்கு. ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்கட்டும். மேலே பாரம் ஏற்று. ஆடிக்காற்று நேராக அடித்தால் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், சாக்கு கட்டி மறை. ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது ஆசாரிமார் கணக்கு. அறுத்த தேதியைப் பலகையின் முனையிலேயே எழுதி, வாங்க வருகிறவரிடம் காட்டு. ஈரத்தோடு விற்றால் கைக்குக் காசு வரும். ஆறு மாதம் கழித்து வளைந்த மேஜையைக் காட்டி ஊரெல்லாம் சொல்லப்போவது உன் பெயரைத்தான்.