ஊர் கூடி இழுக்கும் தேர்

நுழையும்முன்
தேருக்கு வடம் பிடிப்பவர் ஒருவர் அல்லர். ஊரே கைகொடுத்தால்தான் தேர் நிலையிலிருந்து நகரும். அரசுப் பள்ளியும் அத்தகையதே. கட்டடத்தையும் ஆசிரியரையும் அரசு தரலாம். பள்ளி நாள்தோறும் உயிர்ப்புடன் இயங்க வேண்டுமெனில், அது தம்முடையது என்னும் எண்ணம் பெற்றோரிடமும் ஊராரிடமும் வேரூன்ற வேண்டும். அந்த எண்ணம் தமிழகத்தில் வளர்ந்த வரலாற்றையும், இன்று அது எதிர்கொள்ளும் சோதனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திண்ணையும் ஊரும்
சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அவர் 1826இல் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்களும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை ஊர்ப் பள்ளிகளே. பெற்றோர் தந்த நெல்லும் சிறு தொகையுமே ஆசிரியரின் வாழ்வூதியமாக அமைந்தன.

ஊரார் துணையோடு கல்வி நடைபெறுவது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அப்பள்ளிகளில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே பயின்றனர். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கதவு அடைத்தே இருந்தது. 'ஊர்' என்னும் சொல்லுக்குள் ஊரிலிருந்த எல்லாரும் அன்று அடங்கவில்லை. பள்ளியில் ஊராரின் பங்கேற்பு பற்றிப் பேசும்போதெல்லாம், அந்த ஊர் யாருடைய ஊர் என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டும்.

கொடுத்த கைகள்
விடுதலைக்குப் பின் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் பணியாற்றிய காலத்தில் அக்கதவுகள் அகலத் திறந்தன. சிற்றூர்தோறும் பள்ளிகள் தோன்றின. பசித்த வயிறு பாடம் கேளாது என்பதை உணர்ந்து மதிய உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதன் தொடக்க நாள்களில் செலவின் ஒரு பங்கை ஊராரே தாங்கினர்.

பள்ளிகள் பெருகின. ஆனால் பல பள்ளிகளில் இருக்கையும் கரும்பலகையும் குடிநீரும் இல்லை. இக்குறையைப் போக்கப் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு' என்னும் இயக்கம் உருவாயிற்று. அதன் முதல் மாநாடு 1958ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடைபெற்றது. பள்ளிக்கு வேண்டியவற்றை முதலில் பட்டியலிடுவர். பின்னர் ஊரார் தம்மால் இயன்றதை ஏற்றுக்கொள்வர். நிலம் தந்தோரும் உண்டு. சுவர்க் கடிகாரம் தந்தோரும் உண்டு. பொருளில்லாதார் உடலுழைப்பைத் தந்தனர்.

அந்த ஈகை மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில் உள்ள அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக, ஆயி என்கிற பூரணம் அம்மாள் தமக்குரிய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடையாக வழங்கினார். மறைந்த தம் மகளின் பெயர் அப்பள்ளிக்கு விளங்க வேண்டும் என்பதே அவர் விழைவு. 2024ஆம் ஆண்டு குடியரசு நாள் விழாவில் தமிழக அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கிப் போற்றியது.

கேட்கும் உரிமை
கொடுப்பது பங்கேற்பின் ஒரு படி. கேட்பது அடுத்த படி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்த இரண்டாம் படியைச் சட்டமாக்கியது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். சரிபாதியினர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் வேண்டும். முன்பு 'ஊர்' என்னும் சொல்லுக்கு வெளியே நின்றவர்களைச் சட்டம் உள்ளே அழைத்து அமர்த்தியது.

பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல், வரும் நிதி முறையாகச் செலவிடப்படுகிறதா எனப் பார்த்தல் ஆகியன இக்குழுவின் கடமைகள். தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகள்தோறும் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. குழுவின் தலைமைப் பொறுப்பு மாணவரின் தாய்மாருக்கு உரியதாயிற்று. 2024இல் முன்னாள் மாணவர்களும் குழுவில் இடம்பெற்றனர்.

ஒரே ஊரில் இரண்டு உலகங்கள்
சட்டம் தந்த இருக்கையில் பெற்றோர் உண்மையில் அமர முடிகிறதா? இவ்வினாவுக்கு விடை தேடச் சென்னையின் தென்புறமுள்ள சிறுசேரி ஏற்ற இடமாகும். செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டாரத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. ஏரியும் வயலுமாக இருந்த நிலப்பரப்பில் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. உயர் கணித ஆய்வுக்குப் பெயர்பெற்ற சென்னைக் கணிதவியல் கழகமும் அங்கேதான் உள்ளது.

அம்மாளிகைகளைத் துடைத்துத் தூய்மை செய்பவர், வாயிலில் காவல் நிற்பவர், புதிய அடுக்ககங்களுக்குச் செங்கல் சுமப்பவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியே கல்விக் கண். விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பிற்பகல் மூன்று மணிக் கூட்டம் என்பது அரைநாள் கூலி இழப்பு. எழுதப் படிக்க அறியாத தந்தைக்குத் தீர்மானக் குறிப்பேடு என்பது கையொப்பமிடும் தாள் மட்டுமே. வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கு அழைப்புக் கடிதத்தின் மொழியே புரியாது. இவர்கள் வாராமைக்கு அக்கறையின்மை காரணம் என்று கூறுதல் பொருந்தாது. வர இயலாத நேரத்தில், புரியாத மொழியில் அழைப்பதே காரணம்.

இதற்குத் தீர்வு அரிதன்று. கூட்டத்தை வேலை முடிந்த மாலை வேளையில் நடத்தலாம். தீர்மானங்களை உரக்கப் படித்துக் காட்டியபின் கையொப்பம் பெறலாம். பிறமொழிப் பெற்றோருக்கு, தமிழ் கற்றுவிட்ட அவர்தம் பிள்ளைகளே துணைநிற்கலாம்.

கொடையும் கடமையும்
2022 திசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின்வழி, தனியாரும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழி ஏற்பட்டுள்ளது. வளம்மிக்க நிறுவனங்கள் அருகிலிருப்பது ஒரு பள்ளிக்கு நற்பேறே. ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, கொடை அரசின் கடமைக்கு ஈடாகாது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது அரசின் பொறுப்பு. மற்றொன்று, எது தேவை என்பதைக் கொடுப்பவர் மட்டும் முடிவு செய்தல் தகாது. கழிப்பறைக் குழாயில் நீர் வராத பள்ளியில் சுவருக்கு வண்ணம் பூசினால் ஒளிப்படம் அழகாக அமையும். மாணவியின் இடர் தீராது. அவ்விடரை அறிந்தவர் அவளுடைய தாய். அவர் குழுவில் எழுந்து பேசும் நாளில்தான் கொடை உரிய இடத்தைச் சேரும்.

1958இல் ஊரார் பள்ளிக்குக் கொடுக்கக் கற்றனர். இன்று பள்ளிக்காகக் கேட்கவும் கற்க வேண்டும். இரு கைகளும் சேர்ந்து வடம் பிடித்தால் தேர் நகரும்.

தெரிந்து தெளிவோம்
தமிழகத்தில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாள்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளியின் தேவைகளை ஊர்ப் பொதுமக்கள் அங்கும் எடுத்துரைக்கலாம்.

கற்பவை கற்றபின்
1. உம் பள்ளிக்கு உடனடியாகத் தேவைப்படும் மூன்றினைப் பட்டியலிட்டு, அவற்றுள் அரசு செய்ய வேண்டியது எது, ஊரார் செய்யக்கூடியது எது எனப் பிரித்து எழுதுக.
2. உம் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்கு ஐந்து வினாக்களை உருவாக்குக.
3. 'கொடையினும் கேள்வியே பள்ளியைக் காக்கும்' – வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.