வரியைக் கட்டுவது யார்?

2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூரில் கரிம வரி நடப்புக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் இதுவே முதன்முறை. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கும் மேலாகப் பசுமை இல்ல வாயுக்களை வெளியேற்றும் இடங்களுக்கே இவ்வரி. மின்நிலையங்கள், ஜூரோங் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் என அவை ஏறத்தாழ ஐம்பதுதான். ஆனாலும், நாட்டின் வாயு வெளியேற்றத்தில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வருகிறது.

ஆலைகள்தானே வரி கட்டுகின்றன, வீட்டில் விளக்கைப் போடுபவருக்கு என்ன கவலை என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதாவது, 2,500 யூனிட்டுக்கு ஒரு டன். தொடக்கத்தில் டன்னுக்கு வரி 5 வெள்ளி, யூனிட்டுக்கு 0.2 காசு. யாரும் அதைப் பெரிதாக உணர்ந்திருக்கமாட்டார்கள். 2024இல் வரி 25 வெள்ளியானது. யூனிட்டுக்கு 1 காசு. 2026இல் 45 வெள்ளி, 1.8 காசு. 2030க்குள் அது 50 முதல் 80 வெள்ளியை எட்டக்கூடும். மின்நிலையம் கட்டும் வரி இப்படித்தான் வீட்டு மின்கட்டணத்தில் வந்து சேர்கிறது.

சுத்திகரிப்பு ஆலைகளின் நிலை வேறு. அவற்றின் பொருள்கள் உலகச் சந்தையில் விற்பனையாகின்றன. விலையை ஏற்றினால் வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்; ஆலையும் இடம் மாறலாம். வாயு வெளியேற்றமோ குறையாது. அதனால், தகுதிபெறும் ஆலைகளுக்கு 2024 முதல் ஓரளவு வரிச்சலுகை தரப்படுகிறது. சலுகை நீண்டுகொண்டே போனால் ஆலைகள் எதற்காக மாறப்போகின்றன என்ற கேள்வியும் நியாயமானதே.

வீட்டுக்கு வருவோம். ஓரறை வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒரு விசிறியோடு காலம் தள்ளுகிறார். எரிவாயுவைத் தேர்ந்தெடுத்தது அவரல்லர். எனினும், உயர்ந்த விலை அவரையும் தொடுகிறது. வசதியானவருக்கு ஒன்றிரண்டு வெள்ளி பொருட்டன்று. அவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி. இதை ஈடுகட்டவே வீவக வீடுகளுக்குக் கூடுதல் ‘யூ-சேவ்’ தள்ளுபடி வழங்கப்படுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இத்தள்ளுபடி வீட்டின் அளவைப் பொறுத்தது, மின் பயன்பாட்டைப் பொறுத்ததன்று. சிறிய வீட்டுக்கு அதிகம் கிடைக்கும். குளிரூட்டியை இரவு முழுவதும் ஓடவிட்டாலும் தள்ளுபடி கூடாது. ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினாலும் குறையாது. நிறுத்தியவருக்கு மிச்சமாகும் காசு முழுவதும் அவருடையதே.