வாலிபர் பணிக்கும் ஒரு படிப்பா?

சென்ற ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டார். "எம் புள்ள பி.காம். முடிச்சிட்டான் சார். ஆர்பர் பக்கம் ஒரு கம்பெனில கணக்கு எழுதக் கூப்பிடறாங்க. இவன் இன்னாடான்னா, இளைஞர் பணின்னு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும்ங்கிறான். நாலு பசங்களோட கேரம் ஆடறதுக்கு ஒரு பட்டம் வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கேள்வி நியாயமானது. ஆனால் படியில் நின்றபடி பதில் சொல்லி முடிக்கக்கூடியதன்று. இதே கேள்வி வேறு சில வீடுகளிலும் இருக்கிறதென்று அறிவேன். ஆகையால் இந்த வாரப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில் பிள்ளைகள் உள்ள பெற்றோர், அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது நலம்.

முதலாவது, கேரம் பலகையை யாரும் அற்பமாய் எண்ண வேண்டாம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆடிப் பழகிய காசிமா என்னும் இளம் பெண், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார். அப்படி ஒருவரை உருவாக்க ஆட்டம் தெரிந்த ஆசான் வேண்டும். அது ஒரு பெரிய வேலை. வாலிபர் பணி செய்பவரின் வேலை அதுவன்று. பலகையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கையில், மூன்று வாரமாய் வராத ஒன்பதாவது பையன் எங்கே போனான் என்று அவர் கேட்கிறார். தோற்றவுடன் ஒருவன் மட்டும் ஏன் ஸ்ட்ரைக்கரை வீசி எறிகிறான், பெண் பிள்ளைகள் ஏன் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்றும் கவனிக்கிறார். இவற்றைக் கேட்க யாராலும் கூடும். கேட்ட பின்பு என்ன செய்வது, என்ன செய்யாதிருப்பது என்பதற்குத்தான் படிப்பு.

நம் பகுதிக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பதையும் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில், பையன் வேலைக்குப் போகும் வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை இறக்கினால், மகனும் அந்தக் கொக்கியைக் கையில் எடுத்தான். ஆலையில் இருந்தவர், மகனை ஆலை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்தது. நூறு பேர் தோளில் சுமந்ததை இரும்புப் பெட்டியில் அடைத்து யந்திரம் தூக்குகிறது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1970 முதல் ஓடிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் இன்றும் இருக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் ஒப்பந்தக்காரர் மூலமாய் உள்ளே போகும் பையன், அடுத்த வருடமும் உள்ளே இருப்பானா என்பது அவனுக்கே தெரியாது. தகப்பனுக்கு அன்பு குறைந்துவிடவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அடைபட்டுவிட்டது. பதினாறு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பிள்ளையோடு கூட நிற்க, வேறொருவர் தேவைப்படுகிறார்.

இந்தத் தேவையை நாம் மட்டும் கண்டதாக நினைக்க வேண்டாம். பெல்ஜியம் நாட்டில் யோசேப்பு கார்டைன் என்ற குருமாணவர் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் படித்தவர்கள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போய்விட்டதையும், தம்மை அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்ததையும் கண்டு மனம் நொந்தார். குருவான பின்பு அவர் அமைத்த இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் முறையாய் உருப்பெற்றது. "பார், தீர்மானி, செயல்படு" என்ற அவ்வியக்கத்தின் முறையை, 23ஆம் அருளப்பர் பாப்பரசர் 1961ஆம் வருடத்து 'மாத்தர் எத் மஜிஸ்திரா' நிருபத்தில் எடுத்துக் கூறினார். இங்கிலாந்தில் 1960இல் வெளிவந்த ஆல்பமார்ல் அறிக்கை, இந்த வேலைக்கு முழுநேரப் பயிற்சி வேண்டுமென்று வற்புறுத்த, மறு வருடமே லெஸ்டர் நகரில் அதற்கென்று ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. 2010 முதல் அந்நாட்டில் தகுதி பெற்ற வாலிபர் பணியாளராவதற்குக் குறைந்தபட்சம் இளங்கலைப் பட்டம் தேவை.

நம் தேசத்தில் இது பெரும்பாலும் 'சமூகப் பணி' என்ற கூரையின் கீழ் கற்பிக்கப்படுகிறது. 1936இல் பம்பாயில் தொராப்ஜி டாட்டாவின் பெயரால் தொடங்கிய பள்ளியே, பின்னாளில் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் ஆயிற்று. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. இன்று எழும்பூரில் காஸா மேஜர் சாலையில் இருக்கிறது. லயோலா கல்லூரியிலும், பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் இந்த முதுகலைப் படிப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1993இல் ஏற்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 2012ஆம் வருடத்துப் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கப்பட்டது. இளைஞர், சமுதாய மேம்பாடு என்பதையே சிறப்புப் பிரிவாக வைத்து அங்கே சமூகப் பணி கற்பிக்கிறார்கள்.

இனி, அந்த இரண்டு வருடங்களில் நடப்பது என்ன? மனித மனத்தின் வளர்ச்சி, சமூக அமைப்பு, சட்டம், ஆராய்ச்சி முறை என்று வகுப்பறைப் பாடங்கள் உண்டு. அவற்றைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். புத்தகத்தில் கிடைக்காதது களப்பணி. சாதாரணமாய் வாரத்தில் இரண்டு நாள் மாணவன் கல்லூரிக்குப் போவதில்லை. ஒரு குழந்தைகள் இல்லத்துக்கோ, பள்ளிக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, குப்பத்துச் சங்கத்துக்கோ போகிறான். மாலையில் வீடு திரும்பி, அன்று கண்டது, தான் சொன்னது, அவர்கள் சொன்னது எல்லாவற்றையும் எழுதுகிறான். வாரம் ஒருமுறை ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனோடு தனியே உட்காருகிறார். இந்த எழுத்தும் இந்த உட்காருதலும்தான் படிப்பின் உயிர்நிலை என்பது என் துணிபு.

ஒரு மாதிரி சொல்கிறேன். புதிதாய்ச் சேர்ந்தவன், "பையன் பள்ளிக்குப் போவதில்லை. படிப்பின் அருமையை எடுத்துக் கூறினேன். இனிமேல் போவதாய் வாக்களித்தான்" என்று எழுதி வருகிறான். பெருமையாகவும் இருக்கிறது. ஆசிரியர் கேட்கிறார்: "நீ எத்தனை நிமிஷம் பேசினாய்?" "இருபது நிமிஷம்." "அவன்?" மாணவன் யோசிக்கிறான். "சரி என்றான்." "காலையில் அவனை எழுப்புவது யார்?" தெரியவில்லை. "அவன் தாய் எத்தனை மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறாள்?" தெரியவில்லை. "அப்படியானால் அவன் உன்னிடம் வாக்குக் கொடுக்கவில்லை, நீ போனால் போதுமென்று சொல்லியிருக்கிறான்." மறுவாரம் அவன் சற்றுக் குறைவாய்ப் பேசுகிறான். ஐந்தாறு வாரம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்குத் தாய் கிளம்பிய பின்பு தங்கைக்குச் சோறு ஊட்டிப் பால்வாடிக்கு அனுப்புவது அந்தப் பையன்தான் என்று தெரியவருகிறது. இப்போதுதான் வேலை தொடங்குகிறது. நம்மில் எத்தனை பேர் இருபது வருடமாய் நம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியும் இந்த ஒன்றைக் கேட்காமல் இருந்திருக்கிறோம்! (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

தனி ஆளோடு செய்வது, குழுவோடு செய்வது, ஊரோடு செய்வது என்று முறைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். காசிமேட்டை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்ற பையனோடு பேசுவது முதலாவது. அப்படித் தோற்ற எட்டுப் பேரைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவனுக்குத் தெரிந்த கணக்கை மற்றவனுக்குச் சொல்லவைப்பது இரண்டாவது. மூன்றாவதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. துணைத் தேர்வுக்கு அதையொட்டிச் சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பையன் கரையில் சும்மா இருக்கும் அந்த நாட்களில் அவனைப் பிடித்தால் உண்டு. தடை முடிந்து படகு கிளம்பிவிட்டால், தேர்வு நாளில் அவன் கடலில் இருப்பான். ஆகவே சங்கத்தாரோடும் படகுக்காரரோடும் முன்கூட்டியே பேசி, தேர்வு எழுதுகிறவனை அந்தச் சில நாள் ஏற்றாதிருக்கச் செய்வது ஊரோடு செய்யும் வேலை.

இதில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியின் வாராந்தரக் களப்பணி அநேகமாய்ப் பங்குனியோடு முடிந்துவிடுகிறது. தடைக்காலமோ சித்திரையில்தான் பிறக்கிறது. மாணவன் பரீட்சைக்குப் படிக்கப் போகும் வேளையில்தான் இங்கே பையன்களுக்கு ஆள் தேவை. கல்லூரிகள் இதைக் கவனித்தால் நலம். கவனிக்கும்வரை, இப்பகுதியிலிருந்து போகும் பிள்ளை தானே அதை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் உண்டு, ஓர் இடைஞ்சலும் உண்டு. தெருவும் பேச்சும் தெரியும் என்பது அனுகூலம். எல்லோருக்கும் அவனையும் தெரியும் என்பது இடைஞ்சல். வார்ப்புப் பக்கம் உட்கார்ந்து ஒரு பையன் மனம் திறந்து ஒன்றைச் சொல்கிறான். மறுநாள் அவன் அத்தை கோயில் வாசலில், "எங்க பையன் உன்கிட்ட இன்னா சொன்னான்?" என்று கேட்கிறாள். அந்த அத்தை நம் மாணவனுக்கும் தூரத்து உறவு! வாயைக் காப்பது இங்கே மெத்தக் கஷ்டம். அதற்கும் பழக்கம் வேண்டும். ஆனால் காக்கக்கூடாத இரகசியமும் ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை மேல் பாலியல் கொடுமை நடந்ததாக அறிந்தால், 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காதது குற்றம். "யாருக்கும் சொல்லமாட்டேன், சொல்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவன் நல்லெண்ணம் மட்டும் உள்ளவன். பயிற்சி பெற்றவனோ, எதைத் தன்னால் மறைக்க முடியாது என்பதைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே பக்குவமாய்ச் சொல்லிவைப்பான். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பிள்ளையைக் கைவிட்ட கதைகள் நம் தெருக்களிலும் உண்டு. அதை விரித்து எழுத வேண்டியதில்லை.

மற்றவற்றை வினா விடையாகப் பார்த்துவிடுவோம்.

வினா: எந்தப் பட்டம் பெற்றவர் இதில் சேரலாம்?

விடை: பொதுவாய் எந்த இளங்கலைப் பட்டமும் போதும். இரண்டு வருடம், நான்கு பருவம். நேர்முகத்தில் இதை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று கேட்பார்கள்.

வினா: பெண் பிள்ளையை அனுப்பலாமா?

விடை: தாராளமாய் அனுப்பலாம். இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர் அமர வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாயிருக்க வேண்டும் என்று 2015ஆம் வருடத்துச் சட்டமே கூறுகிறது. களப்பணிக்கு எங்கே, எந்நேரம் அனுப்புவார்கள் என்று முன்னதாய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. ஆண் பிள்ளைக்கும் அதைக் கேட்கலாம்.

வினா: படித்தபின் வேலை?

விடை: குழந்தைகள் இல்லங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நன்னடத்தை அலுவலர் பதவி, பள்ளி ஆலோசகர், தொண்டு நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் சமூக நலப் பிரிவுகள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இவற்றில் அநேகம் தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் நடப்பவை. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் வாலிபர் பணியாளருக்கென்று சட்டப் பதிவேடு நம் நாட்டில் இல்லை. ஆகையால் படிக்காதவரையும் அதே நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். கணக்கு எழுதும் வேலை முதல் வருடங்களில் அதிகம் தரக்கூடும். வீட்டில் கடன் இருந்தால், அதையும் மேசைமேல் வைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வினா: கோயில் இளைஞர் மன்றத்தைப் பத்து வருடம் நடத்தியவருக்கும் இந்தப் படிப்பு வேண்டுமா?

விடை: மன்றத்தை நடத்த வேண்டாம். இதையே தொழிலாய்க் கொள்ள வேண்டும் என்றால் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு முதல் பருவம்தான் கஷ்டமாயிருக்கும். தாம் பேசிப் பழகிய அளவுக்கு மௌனம் பழக வேண்டியிருக்கும்.

மேற்சொன்ன தாயாரும் மகனும் புதன்கிழமை மாலை வந்திருந்தார்கள். விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். இப்படிப்பை விரும்பும் காரணம் என்ற இடத்தில், "ஏழைகளுக்குச் சேவை செய்ய" என்று எழுதியிருந்தான். அது தவறில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள் என்றேன். அவன் இரண்டு வருடமாய் மாலை வகுப்பு நடத்தும் தெருவில் எத்தனை வீடு, எத்தனை பையன் பத்தாம் வகுப்போடு நின்றான், எத்தனை பெண், நின்ற பின் எங்கே போனார்கள் என்று கேட்டேன். தாயார் விரல்விட்டு எண்ணத் தொடங்கி ஏழோடு நிறுத்திவிட்டார். மகன் சரியாய் எண்ணிக்கொண்டு வருகிறேன் என்று விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.