உப்பு வடிந்தது, அலையாத்தி தழைத்தது

உவர் நிலத்தில் வடிகால் எடுக்காமல் பயிர் வைத்தால் கன்று கருகிவிடும். இது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. இந்த அறிவைக் கொண்டே சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் கடலோர மக்கள் அழிந்த அலையாத்திக் காட்டை மீட்டனர். மதுரை வட்டார விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு.

காடு அழிந்த காரணம்

அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முதல் இம்மரங்கள் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. வெயில்பட்ட நிலம் தாழ்ந்து தொட்டிபோலக் குழிந்தது. ஏற்றத்தின்போது புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு ஏறிய மண்ணில் கன்றுகள் பிழைக்கவில்லை.

மீன்முள் வாய்க்கால்

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து இப்பணியில் இறங்கின. முதலில் நடவு செய்யவில்லை; வாய்க்கால் வெட்டினர். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என மீன்முள் போன்ற அமைப்பு அது. ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. அதன் பின்னரே வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகள் நடப்பட்டன.

ஊர்க் கட்டுப்பாடு

வண்டல் படிந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். ஆகவே தூர்வாருதல், வெட்டுவதையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்குக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, அடர்ந்த அலையாத்திக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது.

விவசாயிகள் செய்யவேண்டியவை

1. முதலில் மண் பரிசோதனை செய்து, நிலம் உவரா, களரா என்று அறிய வேண்டும்.

2. உவர் நிலமானால், சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பை உயர்த்தி, கண்மாயில் நீர் உள்ள காலத்தில் நல்ல நீரைத் தேக்கிப் பின்பு வடிக்க வேண்டும். இதைப் பலமுறை செய்தால் உப்பு குறையும்.

3. களர் நிலத்துக்கு இது மட்டும் போதாது. பரிசோதனையில் பரிந்துரைக்கும் அளவு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடிக்க வேண்டும்.

4. பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நலம்.

ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலில் அடைபட்டால் செலவு முழுவதும் வீண். கே.கே. நகரை அடுத்த வண்டியூர் கண்மாய் முதல் சிற்றூர்க் கண்மாய் வரை, கரையையும் வரத்துக்காலையும் ஒருவர் தனித்துக் காக்க இயலாது. பொது வடிகாலும் அப்படித்தான். விதைப்புக்கு முன்பே ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி வடிகாலைத் தூர்வாரிவிட்டால், கைவிட்ட நிலமும் விளைநிலமாகும்.