மேடையைப் பார்த்துத் தாளம் போடுவோம்

ஆண்டு விழாவுக்கு இசை நாடகம் போடலாம் என்று பேச்சு எடுத்தாலே, ‘நம்ம பள்ளியில பாட்டு டீச்சர் இல்லையே’ என்ற பதில்தான் முதலில் வரும். எங்கள் பள்ளியிலும் இல்லை. நான் தமிழாசிரியை. தஞ்சாவூர் மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. ஓர் ஆர்மோனியம், இரண்டு பறை, ஒரு ஜோடி ஜால்ரா, பாட ஆசைப்படும் பன்னிரண்டு பிள்ளைகள். இவ்வளவுதான் எங்களிடம் இருந்தவை. இவற்றை வைத்துக் கல்லணையைப் பற்றி அரை மணி நேர இசை நாடகம் ஒன்றைத் தயாரித்தோம். ஊரில் பாடும் நடவுப்பாட்டு மெட்டுகளுக்கு நானே வரிகள் எழுதினேன். வாத்தியக்காரர்களையும் பாடுகிறவர்களையும் நடத்தும் பொறுப்பும் எனக்கே வந்தது. அதில் நான் செய்த தவற்றையும் பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது என்ன?

காவிரியாக நடித்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. நல்ல குரல். குழு பல்லவி பாட, அவள் மேடையைச் சுற்றி வந்து நடுவில் நின்று சரணத்தை எடுக்க வேண்டும். அன்று அவளுடைய நீலப் புடவையின் முந்தானை மைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக்கொண்டு அவள் வருவதற்குள் சரணம் தொடங்கிவிட்டது. நான் அதைப் பார்க்கவே இல்லை. மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, ஆர்மோனியம் வாசித்த மாணவனையும் பறை அடித்தவர்களையும் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. அவள் வரியின் நடுவில் நுழையப் பார்த்தாள்; முடியவில்லை. ஆர்மோனியம் சரணத்தை வாசித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

“நான் இனிமே பாட வரல டீச்சர்” என்று மறுநாள் சொன்னாள். தவறு என்னுடையது என்று எடுத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நம் மண்ணில் இருந்த பாடம்

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். புகாரில் மாதவி அரங்கேறுவதற்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே சொல்கிறார். பிறகு, குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதன்பின் முழவு, முழவோடு ஆமந்திரிகை என்று கருவிகள் இசைந்து நின்ற முறையையும் சொல்கிறார். இதைத் தேர்வுக்குரிய செய்தியாகவே நடத்தியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் ஒலிப்பவரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்ற குழுப்பாடம் இதில் இருப்பது, என் குழு தடுமாறிய பிறகே புரிந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் இதற்குச் சான்று உண்டு. முதலாம் இராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வகுத்தான். ஆடியவர்களுக்கு ஒரு பங்கு. நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. ஆடலையும் பாடலையும் கொட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பது நட்டுவனாரின் வேலை. அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை நெல்லாலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் நட்டுவனார் மரபில் வந்தவர்களே.

அந்த ஆண்டு நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடந்த பாகவத மேளாவுக்குப் போனேன். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு இசை நாடகங்கள் அங்கே நடிக்கப்படுகின்றன. பாத்திரம் ஒவ்வொன்றும் ‘பிரவேச தரு’ என்னும் வருகைப் பாட்டோடு அறிமுகமாகும். எனக்குத் தெலுங்கு தெரியாது. அதனால் மேடை ஓரத்தில் உட்கார்ந்து தாளம் தட்டிய நட்டுவனாரையே கவனித்தேன். அவர் கை தாளத்தில் இருந்தது. கண் மேடையை விட்டு விலகவில்லை. நடிகர் பாவத்தை முடிக்கும்வரை பாட்டின் அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. மேலைநாட்டு இசை நாடகத்திலும் இப்படித்தான். மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் வாத்தியக்குழு இருக்கும். அதை நடத்துபவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி, மேடையைப் பார்த்தபடி நிற்பார். நான் முதுகைக் காட்டியதோ என் பிள்ளைக்கு!

நாங்கள் மாற்றிக்கொண்டவை

1. இருக்கை: குழுவை மேடையின் ஒரு பக்கத்தில் பக்கவாட்டாக உட்கார வைத்தோம். நடத்துபவருக்கு மேடையும் தெரிய வேண்டும். குழுவுக்கு நடத்துபவரின் கையும் தெரிய வேண்டும்.

2. சுற்றுவரி: ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை முறை பாடினாலும் அலுக்காத ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துச் ‘சுற்றுவரி’ என்று பெயர் வைத்தோம். நடிப்பவர் இடத்துக்கு வந்து சேரும்வரை அந்த வரியிலேயே சுற்றுவோம்.

3. கைச்சைகை: நான்கே நான்கு. விரலைச் சுழற்றினால் அதே வரி மீண்டும். கையை உயர்த்தினால் அடுத்த வரிக்குத் தயார். உள்ளங்கையைத் தாழ்த்தினால் ஒலியைக் குறைக்க வேண்டும். விரல்களை மூடினால் முடிப்பு. சைகை ஓர் ஆவர்த்தனம் முன்னதாகவே வர வேண்டும்.

4. சுருதி: எங்கள் மாணவிகளுக்கு 5 அல்லது 5½ கட்டை சரியாக இருந்தது. குரல் உடையும் பருவத்து மாணவர்களை அதே சுருதியில் பாடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவர்களுக்கு வசனமோ தாளமோ கொடுக்கலாம். ‘உனக்குக் குரல் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

5. பறையின் அளவு: தனிக்குரல் பாடும் இடத்தில் சுண்டுகுச்சி மட்டும், குழு சேரும்போது அடிகுச்சியும் சேரும். மாலை நிகழ்ச்சி என்றால் பனியில் தோல் தளரும். முன்னதாகவே பெரியவர் ஒருவரின் துணையோடு காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

6. தடங்கல் ஒத்திகை: கடைசி வாரத்தில் வேண்டுமென்றே தடங்கல் செய்து பழகினோம். ஒருவர் தாமதமாக வருவார், ஒருவர் வரியை மறப்பார், மைக் நின்றுபோகும். குழு சுற்றுவரியில் காத்திருந்து அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த ஒத்திகை இதுதான்.

மறு ஆண்டு

அந்த மாணவி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். பாட மாட்டேன் என்பதில் மாறவில்லை. “பாட வேணாம்மா. ஜால்ரா பிடி, மேடையைப் பார்த்துக்க, அது போதும்” என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாள். தடங்கல் ஒத்திகையில் யார் எங்கே தடுமாறுவார்கள் என்பது என்னைவிட அவளுக்கு முன்னதாகத் தெரிந்தது. கையைக் காட்டும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

விழா அன்று, கல் சுமந்து வந்த ஆறாம் வகுப்புச் சிறுவனின் தலையிலிருந்து அட்டைக் கல் உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தது. அவன் திகைத்து நின்றான். அவள் விரலைச் சுழற்றினாள். குழு சுற்றுவரியில் மூன்று முறை சுற்றியது. அவன் இறங்கிக் கல்லை எடுத்துக்கொண்டு, தாளத்துக்கு நடந்தபடியே மேடை ஏறினான். அதுவும் நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துப் பெற்றோர்கள் கைதட்டினார்கள். அவள் கையை உயர்த்தினாள், அவன் பாடினான்.

இசை தெரியாத ஆசிரியர்களும் இதைத் தயங்காமல் செய்யலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் தகிட, தகதிமி நடைகளும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். மற்றதைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளலாம். மேடைக்கு முதுகைக் காட்டி மட்டும் நிற்காதீர்கள்.