பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

திருட்டு நடந்த வீட்டுக்கு முதலில் போலீஸ் வரும், அடுத்து சொந்தக்காரர்கள் வருவார்கள், எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் தச்சன். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் கதவு, ஜன்னல், அலமாரி வேலை. உடைந்த கதவுகளைச் சரிபண்ணப் போய்ப் போய், எது எங்கே விட்டுக்கொடுக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது. ‘பூட்டை உடைத்து நகை கொள்ளை’ என்று மறுநாள் பேப்பரில் போடுவார்கள். நான் போன வீடுகளில் பூட்டு உடைந்து பார்த்தது அபூர்வம்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. பேத்திக்கு முடி இறக்கக் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்த ராத்திரி ஆள் புகுந்துவிட்டான். “பாருங்க ஆசாரி, நல்ல பூட்டா வேணும்னு கேட்டு ஆயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்கினது” என்று கையில் கொடுத்தார். சாவியைப் போட்டேன், சுகமாகத் திறந்தது. நல்ல பூட்டுதான். கொண்டி வளையக்கூட இல்லை. நாதாங்கி மட்டும் நிலையிலிருந்து பெயர்ந்து வந்திருந்தது. அதைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவும் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றும் அரை இஞ்ச். மரையில் ஒரு துளி மரத்தூள் இல்லை. திருகி ஏற்றியிருந்தால் மரை மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும், பிடுங்கும்போது நாரோடு வரும். சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறக்கிய ஸ்க்ரூ அது. கடப்பாரைகூட வேண்டியதில்லை, டயர் கழற்றுகிற லிவர் போதும்.

இதைத்தான் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருடன் பூட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. பூட்டு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அதை நெம்புகிறான். நம்மவர்களோ பூட்டுக் கடையில் ஒருமணி நேரம் நின்று ஏழு லீவரா, எட்டு லீவரா என்று விசாரிப்பார்கள். திண்டுக்கல் பூட்டா என்று கேட்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதைத் தொங்கவிடும் கொண்டியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த விலைக்கு வாங்கி, கூடவே வரும் ஸ்க்ரூவையே போடச் சொல்வார்கள்.

நான் செய்வது இது. கொண்டிக்கும் நாதாங்கிக்கும் ஸ்க்ரூ போடாமல் போல்ட் நட் போடுகிறேன். கதவில் வருகிற போல்ட் பலகையை முழுக்கத் துளைத்து உள்பக்கம் போக வேண்டும், அங்கே பெரிய வாஷர் வைத்து நட்டை முடுக்கி, வெளியே நீட்டும் முனையை அறுத்துத் தட்டிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வழுவழுப்பான தலை மட்டும் தெரியும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. உள்ளே பதிக்கிற மார்டைஸ் லாக்காக இருந்தால், நாக்கு போய் உட்காரும் தகட்டை நிலையில் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவில் நிறுத்துவார்கள். அதைக் கழற்றிவிட்டு இரண்டரை இஞ்ச் போடச் சொல்லுங்கள். சாமான் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. நிலையைச் சுவரோடு கட்டிப் பிடிப்பது ஹோல்டுபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டை. பக்கத்துக்கு மூன்று என்று வைத்து, கான்கிரீட் போட்டு இறுக்க வேண்டும். பூசின பிறகு அது இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது என்பதால் ஒன்றிரண்டைக் குறைத்துவிடும் கான்ட்ராக்டர்கள் உண்டு. பூசுவதற்கு முன்னால் ஒரு நடை போய் எண்ணிப் பாருங்கள்.

முன்வாசலில் தேக்குக் கதவு போட்டு, அதில் கஜலட்சுமியைச் செதுக்கி, அதற்கே லட்சத்தை இறைப்பார்கள். கொல்லைப்பக்கம் மெல்லிசான பிளைவுட் கதவு, ஒற்றை டவர் போல்ட். மொட்டை மாடியில் தகரக் கதவு. லட்சுமி முன்னால் உட்கார்ந்திருப்பாள், வருகிறவன் பின்னால் வருவான். மாடிக் கதவு பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும், அதனால் கீல் வெளியே இருக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டைத் தொடாமலே கதவு கையோடு வந்துவிடும். ஊசியின் இரண்டு முனையிலும் வெல்டிங் பொட்டு வைத்தால் அந்த வழி அடைந்தது. பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் சொருகியிருக்கிறதே, அவற்றை ஒவ்வொன்றாக உருவி அடுக்கி வைத்துவிட்டு ஆள் நுழைந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் குறுக்கே இரண்டு கம்பி வையுங்கள்.

கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால், அந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எட்டிப் பாருங்கள். எட்டினால் தாழ்ப்பாளை மாற்றுங்கள். சாவிக்கொத்து மாட்டும் ஆணியும் அப்படித்தான், ஒரு குச்சி எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பிக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுக்கிறவர்கள் கழுத்துச் சங்கிலியோடு படுக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது வாசல்கதவில் தொங்கும் பெரிய பூட்டு ஒரு விளம்பரப் பலகை. கிரில் கேட் இருந்தால் பூட்டை உள்பக்கமாகத் தொங்கவிட்டுப் பூட்டும்படி கொண்டியைத் திருப்பி அமைக்கலாம், அதன்மேல் ஒரு தகரப் பெட்டி அடித்துக் கொடுப்போம். ஆனால் நம் ஊரில் பூட்டைவிட உரக்கப் பேசுவது வாசல்தான். இரண்டு நாள் தண்ணி தெளிக்கவில்லை, கோலம் இல்லை, பகலிலும் போர்ட்டிகோ லைட் எரிகிறது, கேட்டில் சொருகின நோட்டீஸ் அப்படியே இருக்கிறது என்றால் தெருவில் போகிறவனுக்கு வேறு தகவல் வேண்டாம். பால், பேப்பரை நிறுத்துவதோடு, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலைப் பெருக்கி ஒரு புள்ளிக் கோலம் போடச் சொல்லிவிட்டுப் போங்கள். திருப்பதி போன போட்டோவைத் திரும்பி வந்து ஸ்டேட்டஸில் வைத்தாலும் பெருமாள் கோபிக்க மாட்டார். எத்தனை நாள் வெளியூர் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பீரோ விஷயம் வேடிக்கையானது. பீரோவை உடைத்திருக்கிறார்கள் என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் சாவியால் திறந்திருக்கும். சாவி இருக்கும் இடம் பீரோவின் தலை, மெத்தைக்கு அடி, சாமி படத்துக்குப் பின்னால். வீட்டுச் சாவி என்றால் செருப்பு ஸ்டாண்டு, பூத்தொட்டி, மீட்டர் பாக்ஸ். நமக்குத் தோன்றுகிற இடம் அவனுக்கும் தோன்றும். அரிசி டப்பாவும் அப்படியே, கொட்டிப் பார்த்துவிடுகிறார்கள். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள், ஆனால் அதையும் தெரிந்துகொண்டு வையுங்கள். 2022 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் திருட்டோ தீயோ நடந்தாலும், ஊழியரே மோசடி செய்தாலும், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலைக்கு அது எத்தனை பவுனுக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நகையைப் போட்டோ எடுத்து, ரசீதோடு தனியாக வைத்திருப்பது நல்லது.

கேமராவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வந்தவனைக் காட்டும், வராமல் தடுக்காது. பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்திருந்தால் போகும்போது அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். பரணில் வையுங்கள், இல்லை படம் உங்கள் போனுக்கு வருகிற மாதிரி போடுங்கள்.

நடந்துவிட்டால் உள்ளே நுழைந்து எதையும் எடுத்து அடுக்காதீர்கள். வெளியே நின்றபடி 100-க்கோ 112-க்கோ அடியுங்கள். கைரேகைக்காரர்கள் வந்து போன பிறகுதான் நான் உளியை எடுப்பேன், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. எஃப்ஐஆர் நகலைக் காசில்லாமல் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. கொள்ளைக்கான இழப்பீட்டுக்கு, பலவந்தமாக உள்ளே நுழைந்த அடையாளத்தைக் கேட்பார்கள். அதனால் நான் வேலையைத் தொடங்கும் முன் பெயர்ந்த நிலையையும் நெம்பிய தடத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழன்ற கொண்டியையும் ஸ்க்ரூவையும் போலீஸ் எடுத்துப் போகவில்லை என்றால், சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.